ஏரிக் கட்சிக்கு ஒரு ஓட்டு

“அக்கா, நம்ம பூத்துல மாமாவுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு! அவர் ஓட்டு அவருக்கு. அப்ப உன் ஓட்டு எங்க போச்சு?”

ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து ஓடி வந்த தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அவருக்குத்தான்டா குத்தினேன். சத்தியமா!”

“யாரு நம்புவா? பொண்டாட்டியே ஓட்டுப் போடாத ஆளுன்னு ஊரே சிரிக்குது.”

சிரிக்காமல் என்ன செய்யும்? புருஷன் குழாய் ரிப்பேர்காரர். ஏரியைத் தூர்த்துக் கடை கட்டக் கூடாது என்று நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஏரிக் கட்சியின் வேட்பாளர். அவளோ ஏரியைத் தூர்க்கப் போகிற பெரிய கட்சியின் பக்கம். காரணம் இல்லாமலா? சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து, ரத்தம் சுத்திகரிக்க பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்கு அலைகிறாள். ஜெயித்தால் அந்த டயாலிசிஸ் மெஷினை உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே வைப்பதாகப் பெரிய கட்சி சொல்லியிருந்தது.

“ஏரி போனா கிணறு வத்தும். அப்புறம் நான் மாட்டுற குழாயில காத்துதான் வரும்” என்பார் அவர்.

“வரட்டுமே. அந்தக் காத்தை வாங்க நான் உயிரோட இருக்கணும்ல?” என்பாள் அவள். சண்டை அதோடு முடியும். ராத்திரி அவள் காலைப் பிடித்துவிடுவதும் அவர்தான்.

ஆனால் ஓட்டுப் போடும் நாளன்று, பூத்துக்கு எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் நின்று அவர் கும்பிட்டதையும், தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் அவள் பார்த்துவிட்டாள். மெஷினாவது மண்ணாங்கட்டியாவது என்று ஏரிக் கட்சிக்கே முத்திரை குத்தினாள். அவசரத்தில் முத்திரை வேறு கோணலாக விழுந்தது. பாழாய்ப்போன கை!

அவர் வந்ததும் தம்பி மெல்ல நழுவினான். அவர் அவள் முகத்தையே பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏங்க, ஒரு வார்த்தை பேசுங்க. தோத்ததுக்கு வருத்தமா?”

“அதை விடு. ஜெயிப்பேன்னு நானே நினைக்கல.”

“அப்ப என் மேலதான் கோபம்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் பொய் சொன்னதில்ல. உங்களுக்குத்தான் குத்தினேன். முத்திரை கோணலா விழுந்து செல்லாத ஓட்டாப் போயிருக்கும். அந்த ஒரு ஓட்டைப் பார்த்து, நான் உங்களைக் கைவிட்டுட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க.”

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“அசடு, அந்த ஒரு ஓட்டே உன்னோடதுதான். உள்ள போய் முத்திரையைக் கையில எடுத்ததும், நீ பஸ்ஸுல சுருண்டு படுத்து வர்றதுதான் கண்ணுல நின்னுது. நான் உன் மெஷினுக்குக் குத்திட்டு வந்துட்டேன்.”