ரிப்பேருக்குப் போன கடிகாரங்கள்

"அந்த ரொட்டியைக் கழட்டு."

வழிகாட்டி நேபெஸ் ஷூவைக்கூடக் கழற்றாமல் கம்பளத்தில் ஏறி நின்று சொன்னார்.

சோனா நகரவில்லை. "எட்டு வருஷமா தொங்குது. அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

"இன்னும் பத்து நிமிஷத்துல வெளிநாட்டம்மா சாப்பிட வந்துடுவாங்க. சுவத்துல என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். எம் பையன் எசிஸ் கடிச்ச ரொட்டின்னு சொல்றேன்."

"உனக்குப் பையனே கிடையாது. அரசாங்கப் பட்டியல்ல பேர் இல்லை." செய்தி வாசிக்கிறவர் மாதிரியே சொன்னார்.

காராகும் பாலைவனத்து ஓரம் இருந்தது அந்த ஊர். பயணம் கிளம்புகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார். மிச்சத்தைச் சுவரில் மாட்டிவைப்பார்கள். மிச்சத்தைத் தின்ன ஆள் திரும்பி வந்தாக வேண்டும்.

எசிஸ் கிளம்பியது ஒரு கல்யாணத்துக்கு மறுநாள். பந்தியில் யாரோ ஏற்றிவிட, தொண்டையைச் செருமிக்கொண்டு அப்படியே நாட்டுத் தலைவர் குரலில், "இந்த ஆண்டு முலாம்பழங்கள் என் உத்தரவின் பேரில் இனிக்கின்றன" என்றான். பந்தியே உருண்டு உருண்டு சிரித்தது. விடிந்ததும் இரண்டு பேர் வந்தார்கள். சட்டை மாற்ற விடவில்லை. ரொட்டியைக் கடிக்க மட்டும் விட்டார்கள். அவர்களும் அம்மா கையால் வாங்கிக் கடித்துவிட்டு வந்தவர்கள்தானே.

"எடுக்க மாட்டேன்," என்றாள் சோனா.

நேபெஸே எட்டி எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிப் பையில் திணித்தார்.

"எங்கேய்யா கொண்டுபோறே? உங்க வீட்டுக் கிடாவுக்குப் போடவா?"

"அது என் பாடு."

வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த, நேபெஸோடு வந்த டிரைவர் பல்லைக் காட்டினான்.

வெளிநாட்டுக்காரி ஹெல்கா வந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். சோனாவின் புலாவ் சோற்றுக்கு அந்தத் தெருவிலேயே பேர் என்பதால் இந்த முறை விருந்து அங்கே. ஹெல்கா நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரைக் காட்டி ஏதோ கேட்டாள். அங்கே ஓர் ஆணி. அதற்குக் கீழே வட்டமாக வெளுத்த தடம்.

நேபெஸ் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி என்னவோ சொன்னார். ஹெல்கா திருப்பி ஏதோ சொன்னாள்.

"என்னங்கிறா?" என்றாள் சோனா.

"கடிகாரம் இருந்துச்சு, ரிப்பேருக்குப் போயிருக்குன்னேன். இது நாலாவது வீடாம். எல்லா வீட்லயும் ஆணியும் வட்டமும்தான் இருக்காம். உங்க நாட்டுக் கடிகாரமெல்லாம் ஒண்ணா ரிப்பேராகுமான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊர்க் கடிகாரத்துக்கு ஒத்துமை ஜாஸ்தின்னேன்."

சோனா எழுந்து நின்றாள். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. அது கடிகாரம் இல்லை, எம் பிள்ளை. எட்டு வருஷமா உசுரோட இருக்கானான்னுகூடச் சொல்ல ஆளில்லை. சொல்லு."

வாசலில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

நேபெஸ் ஹெல்கா பக்கம் குனிந்து பணிவாக என்னவோ சொன்னார். ஹெல்கா முகமெல்லாம் மலர, சோனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இன்னொரு துண்டு முலாம்பழத்தை எடுத்துக் கடித்தாள்.

வாசலில் மறுபடி விதை உடைந்தது.

மறுநாள் முதல் பஸ் ஏறித் தலைநகருக்குப் போனாள். விசாரித்து விசாரித்து மூன்றாவது மாடிக்கு ஏறி, கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

கதவு கொஞ்சூண்டு திறந்தது. நேபெஸின் முகம் வெளிறிக் கிடந்தது. சோனாவைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"எம் பிள்ளை ரொட்டியைக் கொடு. கொடுக்காம இந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன். கத்தி மாடியையே கூட்டுவேன்."

"கத்தாதே தங்கச்சி. உள்ளே வா."

முன்னறையில் தலைவர் படம். அதற்குக் கீழே ஒரு சோபா. நேபெஸ் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

சோனா உள்ளே ஓர் அடி வைத்தாள்.

சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி ரொட்டி. எல்லாம் காய்ந்து கல்லாகி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க் கடி. சில கடி பெரிசு, சில கடி சின்னது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: பேர், ஊர், போன தேதி. வரிசைக் கடைசிப் பக்கம், 'எசிஸ்' என்று மை காயாத சீட்டு.

"இதான் ரிப்பேர் கடை," என்றார் நேபெஸ். "உங்க வீட்ல இருந்தா மேலேருந்து சோதனைக்கு வர்றவன் குப்பையில போட்டிருப்பான். விருந்தாளி வர்ற வீட்லயெல்லாம் முன்கூட்டியே சோதனை போடுறது நான். என் வீட்ல யாரு போடுவா?"

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொன்னா நீ திட்டியிருக்க மாட்டே. நீ திட்டலேன்னா அந்த விதை கொறிக்கிறவன் என்னைப் பத்தி எழுதிக் கொடுத்திருப்பான்."

சோனா ஒவ்வொரு பேராக வாய்க்குள் படித்துக்கொண்டே போனாள். இருபத்து மூன்று. மகனுடையதைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றவில்லை.

அதற்கு அடுத்து, கதவோரம், இன்னொரு ஆணி. அதிலும் ஒரு ரொட்டி. மெத்தென்று, இன்னும் எள் வாசனையோடு. சீட்டு இல்லை. கடித்த தடமும் இல்லை.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றார் நேபெஸ். "வாரா வாரம் புதுசு மாத்திடுவேன். அவங்க வந்து கதவைத் தட்டுறப்போ சட்டுனு கடிக்கணும் பாரு, பல்லு முன்ன மாதிரி இல்லை."