மூட்டைக்குள் கானமயில்

"வண்டியை நிறுத்து" என்றான் நரபத் சிங்.

ஜீப் மணலில் இழுபட்டு நின்றது. எதிரே வந்த ஆட்டுக்காரப் பெரியவரின் தோளில் ஒரு போர்வை மூட்டை. அதிலிருந்து பழுப்பு இறகுகள் துருத்திக்கொண்டிருந்தன.

நரபத்தின் மனைவியின் அண்ணன் பூபேந்திர சிங் ஜோத்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். தரையில் முட்டையிடும் அரிய பறவையான கானமயிலை அவருக்குக் காட்டத்தான் ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்காவுக்கு நரபத் அழைத்து வந்திருந்தான். விடிந்ததிலிருந்து சுற்றியும் மானும் நரியும்தான் கண்ணில் பட்டன. உங்க ஊர்ப் பறவைக்கு எங்களைப் பார்க்க வெட்கமா என்று மச்சான் வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தார்.

நரபத் குதித்து இறங்கி மூட்டையைப் பிரித்தான். கானமயில்தான். கழுத்து துவண்டு கிடந்தது.

"அடிச்சுத் தின்னக் கொண்டு போறியா?"

"நான் அடிக்கலீங்க ஐயா. செத்துக் கெடந்துச்சு. காவல் சாவடியில ஒப்படைக்கப் போறேன்."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான். எப்படிச் செத்துச்சு?"

பெரியவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். ஜீப்பில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலீங்க."

"விடாதீங்க மாப்பிள்ளை" என்றார் பூபேந்திர சிங். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் இந்த இனமே அழியுது."

நரபத்துக்கு வேகம் வந்துவிட்டது. உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம், அதையும் தின்று தீர்க்கிறாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். பெரியவரை மூட்டையோடு ஜீப்பின் பின்னால், கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்தான். அவர், ஜீப் குலுங்கும்போதெல்லாம் பறவையின் தலை இடிபடாமல் கையால் தாங்கிக்கொண்டார்.

சாவடியில் வனக் காவலர் ஓடி வந்தார்.

"முராத் காக்கா, மறுபடியுமா?" என்று பெரியவரைச் சித்தப்பா முறை சொல்லி அழைத்தபடி பறவையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு நரபத்திடம், நல்ல வேளை, காக்காவை இவ்வளவு தூரம் நடக்கவிடாமல் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று நன்றி சொன்னார். கானமயில் முட்டையை நாய் தின்னாமல் இருக்கக் கோடை முழுக்க வெயிலில் காவல் நிற்கிற மனுஷன் இவர் என்றார்.

 பூபேந்திர சிங் தண்ணீர் குடிப்பதுபோல் பானைப் பக்கம் நகர்ந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

நரபத் தயங்கித் தயங்கி முராத் கானிடம் வந்தான்.

"மன்னிச்சிடுங்க காக்கா. எப்படிச் செத்துச்சுன்னு கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

முராத் கான் பானைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கரண்டுக் கம்பியில அடிபட்டு விழுந்துச்சுங்க ஐயா. போன வருஷம் நீங்க இன்ஜினீயரா வந்து, எங்க ஊரு ஓரமா நின்னு போட வச்ச கம்பி. அப்போ எங்க வீட்டுல மோர் வாங்கிக் குடிச்சீங்க. உங்களுக்கு என்னை நினைவில்லை."

நரபத்தின் தலை நிமிரவில்லை.

பெரியவர் அவன் கையைத் தொட்டார்.

"உங்க மச்சான் முன்னாடி அதை எப்படிங்க சொல்றது?"