சத்தமே இல்லாத வீடு

"இன்னைக்கு அவன் கால ஒடிக்காம விடமாட்டேன்!"

வீட்டுக்காரர் வாரன் உத்தரத்தைப் பார்த்துக் கத்தினார். தலைக்கு மேலே டொம், டொம், டொம் என்று பூட்ஸ் காலடி.

வீடு பார்க்க வந்திருந்த தம்பதி மேலே பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு மணக்கட்டும் என்று நான் சுட்டு வைத்திருந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

இது மூன்றாவது ஞாயிறு. வாங்க வருகிறவர்கள் பார்க்க, ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை வீட்டைத் திறந்து வைக்கிறோம். சொல்லி வைத்தாற்போல அதே ஒன்றிலிருந்து மூன்று வரை மேல்வீட்டுக்காரன் நடக்கிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நான் வீடு விற்றுக் கொடுக்கிறவள். சிகாகோவில் பழைய சரக்குக் கிடங்குகளைத் தடுத்துக் கட்டிய லாஃப்ட் வீடுகள்தான் என் பிழைப்பு. செங்கல் சுவர், யானைக்கால் மாதிரி மரத் தூண், ஆளுயர ஜன்னல் என்று பார்க்கிறவர்கள் சொக்கிப் போவார்கள். ஒரே குறை, மேலே இருப்பவனுக்குத் தரையாக இருக்கிற அதே பலகைதான் கீழே இருப்பவனுக்குக் கூரை. அந்தக் காலடிச் சத்தத்தாலேயே இந்தக் கட்டடத்தில் இந்த வருடம் இரண்டு வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின.

வாரன் வீடு மட்டும் விதிவிலக்கு.

"டினா, நாலு வருஷமா மேலேர்ந்து ஒரு சத்தம் கேட்டதில்ல. எங்க கூரைப் பலகை அப்படி!" என்று உத்தரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் உருகி உருகி விளம்பரம் எழுதினேன்: 'மேல்வீட்டுச் சத்தமே இல்லாத ஒரே லாஃப்ட்.' விலையையும் அதற்கேற்ப ஏற்றினோம்.

இப்போது பாருங்கள், கூத்தை.

போன குளிர்காலத்தில் வாரனின் மனைவி லோர்னா இறந்துவிட்டாள். தனியாக இருக்க முடியாமல், மகள் இருக்கும் ஊரில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் இது விற்காவிட்டால் அது கைநழுவிப் போகும். மனுஷன் மகளிடம் போய்ச் சேருவதை ஒருவன் பூட்ஸ் காலால் மிதித்துக் கெடுப்பானா?

"பொறாமை, வேறென்ன?" என்றார் வாரன்.

"பொறாமைப்படவும் புத்தி வேணும். உங்க வீடு நல்ல விலைக்குப் போனா அவர் வீட்டு விலையும்தான ஏறும்? தன் தலையில தானே மண்ண அள்ளிப் போட்டுக்கறார்!"

இரண்டு பேருமாக மாடி ஏறினோம். வாரன் கதவைத் தட்டவில்லை, குத்தினார்.

மேல்வீட்டுக்காரர் பர்னெல் திறந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், ரொட்டி சுடும் கடையில் வேலை. காலில் கனத்த பூட்ஸ்.

"வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

"மூணு வாரமா என்னய்யா ஆட்டம் இது?"

"ஆட்டமில்ல வாரன். நடக்கறேன்."

"நாலு வருஷமா நடக்கலியா?"

"நடந்தேனே."

"அப்ப ஏன் கேக்கல?"

பர்னெல் கதவோரம் கை காட்டினார். கம்பளித் துணியில் தைத்த செருப்புகள், நாலு ஜோடி. எல்லாம் அடி தேய்ந்து, குதிகாலில் ஓட்டை விழுந்திருந்தன.

"எனக்கு விடிகாலை மூணு மணிக்கு வேலைக்குக் கிளம்பணும். லோர்னாவுக்குத் தலையில ஆபரேஷன் ஆன புதுசுல லிஃப்ட்ல பாத்தேன். 'அந்த நேரத்துலதான் கொஞ்சம் கண்ணசரும், உங்க பூட்ஸ்...'னு ஆரம்பிச்சாங்க. அப்புறம், 'பரவால்ல, விடுங்க, உங்க வீடு'ன்னுட்டாங்க. அன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ள இந்தச் செருப்புதான், பூட்ஸ லிஃப்டுக்குள்ள போனப்புறம்தான் மாட்டுவேன்."

வாரன் குனிந்து ஒரு செருப்பைக் கையில் எடுத்தார்.

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லியே..." என்றார்.

"அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க, சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அப்புறம் நீங்க வந்து நன்றி சொல்லுவீங்க. எனக்குக் கூச்சம்."

ஆனாலும் என் தொழில் புத்தி விடுமா?

"அதெல்லாம் சரி, பர்னெல். அவ்வளவு நல்ல மனசு உள்ளவர், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டா என்ன குறைஞ்சு போவுது? வித்த மறுநாள் எப்படி வேணா நடந்துக்குங்க!"

பர்னெல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விளம்பரத்தப் பாத்துட்டு ரெண்டு தடவ உங்களுக்குப் போன் பண்ணினேன் மேடம். 'வாங்கற ஆளா?'ன்னு கேட்டீங்க. இல்லன்னதும் வச்சுட்டீங்க."



அவர் குரலை உயர்த்தவில்லை.

"அந்த அமைதி உங்க வீட்டோடது இல்ல, மேடம். நான் லோர்னாவுக்குக் குடுத்தது. அதுக்கு நீங்க எப்படி விலை போடலாம்?"