துணி மல்லிகை

"இது என்னடி?"

தட்டில் இருந்த சரத்தை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள் கனகலட்சுமி அத்தை. "ஜவுளிக்கடை வாசம்ல அடிக்குது!"

"துணிப்பூ, அத்தை."

"மதுரை மல்லி விடியுமுன்னே பஸ்ஸேறி இங்கன வந்து இறங்குது. அதை விட்டுட்டுத் துணியா? மொளகா இந்த வருசம் நல்லாத்தானே வெளைஞ்சுச்சு, காசுக்கா பஞ்சம்?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். உப்பூர் கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம், கற்கண்டு, பூத்தட்டோடு நிற்பது என் வேலை. கல்யாணம் என் அக்கா சத்யப்பிரியாவுக்கு. சாமிக்கும் பெண் மாப்பிள்ளைக்கும் மட்டும் நிஜப்பூ மாலை. மேடை ஜோடனை, வருகிற பெண்களுக்குத் தலையில் வைக்கக் கொடுப்பது எல்லாமே துணி. அக்காவின் பிடிவாதம்.

"யாராச்சும் திட்டுனா எதுத்துப் பேசாத. 'ஆமா, இது பூ இல்லை'ன்னு மட்டும் சொல்லு" என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம். ஊரே வருகிறது. ஒரு நாளைக்கு நல்ல பூ வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

"வாடாதுல்ல? தொவைச்சு எடுத்து வையி, உன் கல்யாணத்துக்கும் ஆகும்" என்றாள் ஒரு பெரியம்மா.

"ஏம்மா, இதுக்குத் தண்ணி தெளிக்கணுமா, இஸ்திரி போடணுமா?" என்றார் பின்னால் வந்தவர்.

அந்தச் சிரிப்பு பந்தி வரைக்கும் போனது.

எல்லோரிடமும் ஒரே பதில்தான். "ஆமா, இது பூ இல்லை."

பந்தி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் சாம்பார் வாளி. மகள் கல்யாணத்தில் பெற்றவள் நிற்கிற இடமா அது?

அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருசமாகிறது. நிச்சயதார்த்தத்தன்று அக்கா ஆசையாக அம்மா தலையில் அரை முழம் மல்லி வைத்துவிட்டாள். அத்தை எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கினாள்.

"எங்கண்ணனோட போச்சு உனக்குப் பூவு. வெறுந்தலையோட மேடைக்கும் வரக் கூடாது."

அன்றைக்கு உள்ளே போனவள்தான் அம்மா. 'கல்யாணத்தை நான் பந்தி வாசல்ல நின்னே பாத்துக்கிறேன்' என்று சொல்லிவிட்டாள். அம்மா பக்கத்தில் நிற்காமல் தாலி கட்டிக்க மாட்டேன் என்று அக்கா ஒரு வாரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"நேரமாச்சு, பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார் ஐயர்.

மேடையில் அய்யா, அம்மா நிற்க வேண்டிய இடத்தில் அத்தையும் முத்துகிருஷ்ணன் மாமாவும் நின்றார்கள். அத்தை தலையில் வீட்டிலிருந்தே கொண்டுவந்த நிஜ மல்லி.

தாலித் தட்டு எல்லோர் கையும் பட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. அக்கா மணையை விட்டு எழுந்தாள். அவள் கையில் ஒரு முழம் துணி மல்லிகை.

"அத்தை, ஒரு சந்தேகம்."

"தாலி கட்டுற நேரத்துல என்னடி சந்தேகம்?"

"இது பூவா, துணியா?"

"இதையா கேக்குற? காலையில இருந்து ஊரே காறித் துப்புதுல்ல? துணிதான்! நூறு தடவை சொல்லுவேன், துணி. இதைப் பூன்னு சொன்னா வாய் வெந்துரும்!"

மேளம் நின்றிருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"சரி அத்தை."

கழுத்து மாலையோடு அக்கா மேடையை விட்டு இறங்கினாள். நேராகப் பந்தி வாசலுக்குப் போனாள். அம்மா வாளியைக் கீழே வைப்பதற்குள் அவள் கொண்டையில் சரத்தைச் சுற்றி ஊசியைக் குத்திவிட்டாள்.

"ஏய்! என்னடி பண்ற?" அத்தை மேடையில் இருந்தே கத்தினாள்.

"அம்மா தலையில துணி வைக்கிறேன், அத்தை. பூதானே வைக்கக் கூடாதுன்னீங்க? இப்ப வெறுந்தலையும் இல்லைல்ல?"

அத்தை பக்கத்தில் நின்ற மாமா குனிந்து வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி ஏதோ செய்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அம்மாவின் கை தலைக்குப் போனது. போச்சு, பிடுங்கி எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

கோணலாக இருந்த சரத்தை நேராக்கிக்கொண்டாள்.

"வாங்கத்தை, நேரமாகுதுல்ல" என்று மாப்பிள்ளை மாரிச்செல்வம் மணையில் உட்கார்ந்தபடியே அம்மாவைக் கூப்பிட்டார்.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்து மேடையேற்றினாள். தாலி கட்டும்போது அம்மா அவளுக்குப் பின்னால்தான் நின்றாள். முந்தானையில் சாம்பார்க் கறை, தலையில் துணி மல்லிகை.

நான் கையில் இருந்த பூத்தட்டைப் பார்த்தேன். காலையில் இருந்து எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருப்பேன்!

நல்லவேளை. அத்தனை பேரில் நாலு பேர் நல்ல மனசோடு, "அட, நிஜப்பூவேதான்!" என்று பாராட்டியிருந்தால், அம்மா இன்னும் அந்தச் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.