ஒரு சைஸ் உயரம்

சர்ர்ரக்.

இடதுபக்கச் சக்கரத்துக்கு உள்ளேயிருந்து வந்தது சத்தம்.

அவர் பதறி பிரேக்கை மிதித்தார். அவள் மடியிலிருந்த ஸ்டாப்வாட்ச் காலடியில் விழுந்தது. பின்னால் வந்த தேங்காய் லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

ஆனைமலை முக்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது வந்த சத்தம் அது.

"என்ன கோதை அது?"

"டயர் லேசா உள்ள உரசுதுங்க. ஒரு சைஸ் உயரம் ஜாஸ்தி. நீங்க போங்க."

"கடைக்காரன் மாத்திப் போட்டுட்டானா? நீ பாக்கலையா?"

"ரோட்டைப் பாருங்க. நாப்பது."

வண்டி மீண்டும் கிளம்பியது. மீட்டரில் முள் மெல்ல ஏறியது. முப்பத்தெட்டரையில் நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். ரூட் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இது வேகப் பந்தயம் அல்ல, கார் கிளப் நடத்தும் நேரப் போட்டி. பொள்ளாச்சியில் கிளம்பி, அறுபது கிலோமீட்டர் சுற்றி, ஆழியாறில் முடிய வேண்டும். வேகம் நாற்பது. சரியாகத் தொண்ணூறு நிமிடம். பிந்தினால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி அபராதம். முந்தினால் இரண்டு.

கணவன் ஓட்ட வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வழியும் வேகமும் சொல்ல வேண்டும். கிளப்பில் பதினாறு ஜோடிகள்.

ஆறு வருடமாக இவர்கள் மட்டும் மூன்றரை நிமிடம் பிந்திப் போய்ச் சேர்கிறார்கள்.

நாற்பது என்றால் அவருக்கு முப்பத்தெட்டரை. கேட்டால், மீதி ஒண்ணரை சேஃப்டிக்கு என்பார். கொஞ்சம் அழுத்துங்கள் என்றால் கோபம் வந்துவிடும். முள் முப்பத்தைந்துக்கு இறங்கும்.

பழி மட்டும் காருக்கு. ராசியில்லாத வண்டியாம்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கூபே. இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பழக்கூடை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது.

அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

வீட்டில் மாமனார், நாத்தனார், நாத்தனாரின் இரட்டைப் பிள்ளைகள், சாயங்காலமானால் ட்யூஷனுக்கு வரும் பன்னிரண்டு பேர். அவரும் அவளும் மட்டும் உட்காருகிற இடம் என்று இந்த வண்டியைத் தவிர வேறு இல்லை.

திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து ஒருவர் அதைப் பார்க்க வருகிறார்.

விற்கிற வண்டி எடுப்பாக இருக்கட்டும் என்று பதினெட்டு அங்குல வீல் நான்கு வாங்கிவந்தார் அவர். பழையதைவிட ஓர் அங்குலம் பெரிது. டயர் மட்டும் பார்த்துப் போட்டு வா என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

அது நேற்று.

இன்று காலையில் கிளம்பும்போது சொன்னார். "அபராதம் பூச்சியம்னா வண்டி நம்மளுது. இல்லைன்னா திருப்பூர்க்காரருது."

தென்னந்தோப்பின் நிழல்கள் பானெட்டில் ஏறி இறங்கின. வாய்க்காலில் தண்ணீர் கூடவே ஓடிவந்தது. முன்னால் போன வெள்ளைக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

"அவன் எவ்வளவு வேகமாப் போறான் பாரு. புத்தியில்லாதவன்."

அவருடைய முள் முப்பத்தெட்டரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

ரூட் புத்தகத்தில் நாற்பத்தைந்தாவது கிலோமீட்டருக்கு ஓர் அரிசி ஆலை குறித்திருந்தது. ஆலையின் புகைபோக்கி ஜன்னலைக் கடந்தது.

அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். அறுபத்தேழு நிமிடம். முப்பது விநாடி.

கணக்குப்படி இருக்க வேண்டியதும் அதுவே.

முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன, இந்தத் தடவையும் லேட்டா? சொல்லு, தாங்கிக்கிறேன்."

"ஓட்டுங்க."

"நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலே லேட்டுன்னுதான் அர்த்தம்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் ஏசியைக் குறைத்தார்.

ஆழியாறு.

அணைக்கு முன்னால், நேரம் குறிக்கும் மார்ஷல் கொடியைத் தாழ்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையில் எழுதப்போனவர் நிறுத்தி, இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், உங்களுக்குப் பூச்சியமுங்க."

"விளையாடாதீங்க."

"நெசமாலுமுங்க. தொண்ணூறு நிமிசம்."

அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து முனகாமல் அவர் எழுந்ததே இல்லை. இன்று துள்ளி வெளியே வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றினார். பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். கை சுட்டது. மறுபடியும் தட்டினார்.

உடனே போனை எடுத்தார்.

"அண்ணா, திங்கக்கிழமை வர வேண்டாமுங்க. இல்லீங்க, விலையெல்லாம் பிரச்சினையில்லீங்க. வண்டி ராசியாயிருச்சுங்க."

உள்ளே அவள் கண்ணை மூடி, சாய்ந்து உட்கார்ந்தாள். சீட் அவளுடையது. இன்னும் பல வருடங்களுக்கு.

மார்ஷல் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"டயர் உயரமா போட்டிருக்கீங்களாட்ட இருக்குது. ஒரு சுத்துக்கே தூரம் கூடப் போகுமுங்க. மீட்டருக்கு அது தெரியாது, வேகத்தைக் கம்மியாத்தான் காட்டும்."

"தப்புங்களா?"

"டயருக்கெல்லாம் நம்ம கிளப்புல சட்டமில்லீங்க."

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். ஒரு கை போதவில்லை. மறு கையையும் சேர்த்துக்கொண்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக ஜன்னலில் குனிந்தார்.

"கோதை, அந்தக் கடைக்காரன் மாத்திப் போட்டதுலதான் பூச்சியமே வந்திருக்குது. போற வழியில அவனுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் குடுத்துரலாம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அந்த மைசூர்பாவை இங்க குடுங்க. முப்பத்தெட்டரைல ஓட்டற மனுசனுக்கு நாப்பதுல போற டயர் எதுன்னு கேட்டு வாங்குனது நானு."