முடிவு நம்பும்படி இல்லை

"பயப்படாதீங்க சார், ரோப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நின்னுடுச்சு, அவ்வளவுதான்."

ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டே பேர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பிரபல வாரப் பத்திரிகையின் ஆசிரியர். எண்ணெய்க் கறைச் சட்டையில், கதவு மூடும் நேரத்தில் ஓடிவந்து ஏறிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக்.

மெக்கானிக் பொத்தான் பலகையோரம் குனிந்து, கருவிப் பையைக் காலுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி வைத்தார். அவர் நிமிர்வதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது.

நல்லவேளை, விளக்கு அணையவில்லை. தலைக்கு மேல் விசிறியும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தும் ஆசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒன்பதாம் மாடி அரங்கில் ஐந்து மணிக்கு அவர் பேச வேண்டும். தலைப்பு, 'இலக்கியத்திலும் வாழ்க்கையிலும் முரண்'. மணி இப்போதே நாலேகால்.

"யோவ், அந்த அலாரத்தை அழுத்துய்யா!"

"அது அடிக்காது சார். அதை ரிப்பேர் பண்ணத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

ஆசிரியர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நாலு மூலைக்கும் காட்டினார். சிக்னல் பேருக்குக்கூட இல்லை. "வெளியிலேர்ந்து யாராவது வந்து திறப்பாங்கல்ல?"

"திறக்கத் தெரிஞ்ச ஆளு இந்தக் கட்டடத்துல ஒருத்தன்தான் சார். அவன் உங்க பக்கத்துல நிக்கிறான்."

"கர்மம்! ரிப்பேர் பண்றவனே உள்ள மாட்டிக்கிட்டா எப்படி? வெளிய சொன்னா எவன் நம்புவான்?"

"நான் சொன்னேன். நீங்க நம்பல."

மெக்கானிக் கருவிப் பையிலிருந்து ஒரு தாள் கத்தையையும் அதனோடு குத்தியிருந்த கடிதத்தையும் எடுத்து நீட்டினார். ஆசிரியர் வாங்கிப் படித்தார். 'லிஃப்டைப் பழுதுபார்ப்பவரே லிஃப்டில் சிக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்காது. முடிவும் நம்பும்படி இல்லை.' கீழே அவருடைய கையெழுத்தேதான், வாலோடு.

"இதோட பதினொரு கதை சார். பதினொண்ணும் போன வேகத்துல திரும்பி வந்துச்சு. எழுத்து நல்லா இல்லேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இருபத்தாறு வருஷமா லிஃப்டுலயே கிடக்குறவன்கிட்ட லிஃப்டுல எது நடக்கும், எது நடக்காதுன்னு சொல்லாதீங்க."

"சரி சரி, கோவப்படாதய்யா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முழுசாப் படிச்சீங்களா?"

"என்ன கேள்வி இது? வரி விடாம படிச்சேன்!"

"அப்ப இன்னொரு தடவை படிங்க. நமக்கு வேற வேலையும் இல்லையே."

ஆசிரியர் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். கதையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும், அன்று காலையில்தான் அவன் வேலைக்கு உலை வைத்த கட்டட முதலாளியும் ஒரே லிஃப்டில் சிக்கிக்கொள்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஆசிரியர் கைக்கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார். ஐந்தாம் பக்கத்தில் வெள்ளைச் சட்டையை மறந்து கருவிப் பைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாவி மனுஷன், என்னமாய் எழுதியிருக்கிறான்! ஏழாம் பக்கத்தின் கடைசி வரி பாதியில் நின்றது. ஆசிரியர் தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மிச்சம் எங்கய்யா?"

"உங்களுக்கு அனுப்பினதே அவ்வளவுதான் சார். எட்டாவது பக்கம் எங்க வீட்டு அலமாரியில இருக்கு."

ஆசிரியர் திருதிருவென்று முழித்தார். 'முடிவும் நம்பும்படி இல்லை' என்ற வரி அவர் மடியிலேயே கிடந்தது.

"பத்து கதை திரும்பி வந்தப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் சார். அதான் பதினொண்ணாவதுல ஒரு பக்கத்தை எடுத்து வச்சுக்கிட்டேன்." மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை, அவர் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. "வராத முடிவை எப்படி சார் நம்பாமப் போனீங்க?"

இலக்கியத்தின் முரணைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசத் தயாராக வந்த மனிதர் அசடு வழிய எழுந்து நின்றார்.

"தப்புதான். ரெண்டு பக்கத்துக்கு மேல நான் போகவேயில்லை. பதினொரு தடவையும்."

பேனாவை எடுத்தார். கடிதத்தில் தான் எழுதியிருந்த மூன்று வரிகளையும் குறுக்கே அடித்துவிட்டு, 'அடுத்த இதழில் வெளியாகும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மணி நாலு ஐம்பது.

"என் பேச்சு போனாப் போகுது. அந்த எட்டாவது பக்கத்தைச் சொல்லுங்க, மண்டை வெடிச்சிரும் போலிருக்கு. அவன் எப்படித்தான் வெளிய வர்றான்?"

அதுவரை 'வாய்யா போய்யா' என்று பேசியவர் 'சொல்லுங்க' என்றதை மெக்கானிக் கவனித்தார். கையெழுத்தை ஒருமுறை விளக்குக்கு நேரே பிடித்துச் சரிபார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

அதே பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். குனிந்து, பொத்தான் பலகையின் அடியிலிருந்த துவாரத்தில் நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். லிஃப்ட் லேசாகக் குலுங்கி ஒன்பதாம் மாடிக்குக் கிளம்பியது.

"இப்படித்தான் சார்."