ஜன்னலோர மேஜை

“ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கே காய்ச்சல் வருது. அப்புறம் எனக்கு எதுக்கு சிஸ்டர்?”

“வரலாம் டிரைவர் சார். ஆனா வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டுப் போகாது.”

“வேணவே வேணாம். நான் ஜன்னலோர மேஜைக்கே போயிடறேன்.”

போன வருடம் நடந்த இந்தப் பேச்சு, காலையிலிருந்து நர்ஸின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. முதியோர் இல்லத்தில் இன்று ஃப்ளூ ஊசி போடும் நாள். மருந்து தயார், நாற்காலி தயார். கையை நீட்டத்தான் ஆளில்லை.

எல்லாம் அந்த மேஜையால் வந்த வினை. ஊசி போடாதவர்கள் குளிர்காலம் முடியும்வரை ஜன்னலோரத் தனி மேஜையில்தான் சாப்பிட வேண்டும் என்பது இல்லத்தின் விதி. போன வருடம் அங்கே இரண்டே பேர். ஊசி என்றாலே பயம் என்று முதலில் போய் உட்கார்ந்த கணக்கு டீச்சர். பின்னாலேயே போன ரிடையர்டு பஸ் டிரைவர். ஊசி போட்ட இருபத்தெட்டுப் பேரில் ஆறு பேர் இருமித் தள்ள, இவர்கள் இருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை!

“அவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. எங்களை மட்டும் ஏம்மா குத்தறே?” என்றார் போஸ்ட்மாஸ்டர். சாப்பாட்டுக் கூடமே தலையாட்டியது.

“மருந்தைத் திருப்பி அனுப்பிடலாமா சிஸ்டர்?” என்று மேனேஜர் வேறு கேட்டுவிட்டுப் போனார்.

இந்த ஊசி வராத காலத்தில், ஒரே குளிர்காலத்தில் மூன்று கட்டில்கள் காலியானதைப் பார்த்தவள் நர்ஸ். விடுவிடுவென்று நடந்து டிரைவரை நடைபாதையில் மடக்கினாள்.

“உங்க பிடிவாதத்தால இப்ப யாருமே போட்டுக்க மாட்டேங்கறாங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?”

டிரைவரின் முகம் சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்தார். “நான் போட்டிருக்கேன் சிஸ்டர்.”

“என்னது?”

“போன வருஷமும் போட்டேன், இந்த வருஷமும் போட்டாச்சு. என் மச்சான் கிளினிக்ல. டீச்சர் பாவம், ஒத்தையா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. துணைக்குப் போகணும், ஆனா என்கிட்டேருந்து அவங்களுக்கு ஒட்டிக்கவும் கூடாதில்ல?”

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக் கூடத்துக்கே இழுத்து வந்தாள்.

“எல்லாரும் கேளுங்க! இவர் ஊசி போட்டவர்! டீச்சர், உங்களுக்கு வராததுக்கும் அதுதான் காரணமா இருக்கும். இனியாவது பயத்தை விடுங்க.”

டிரைவர் குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“நானும் போட்டவதான். வருஷா வருஷம், மக வீட்டுக்குப் போறப்ப.”

போஸ்ட்மாஸ்டர் சத்தமில்லாமல் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார்.

“அப்போ... அந்தப் பயம்?” என்றாள் நர்ஸ்.

“முப்பது பேர் நடுவுல இந்த மனுஷன் எப்ப வாயைத் திறக்கறது? அதான் தனி மேஜையாப் பார்த்துப் போனேன். வந்தார், ஒரு குளிர்காலம் முழுக்க மழையையும் வெயிலையும் பத்தியே பேசினார்.” டீச்சர் டிரைவர் பக்கம் திரும்பினார். “இனி காத்திருந்தா ஆகாது, நானே கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?”